குருதிச் சுத்திகரிப்பு நிலையத்துத் தாதியர்: பொறுப்பும் பளுவும்

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யுமிடத்து, மருத்துவம் என்பது நான்கு பகுதிகளை உடையது என்று வகுத்துரைத்தார். நோயுற்றவன் ஒரு பகுதி. நோயைத் தீர்ப்பவன் ஒரு பகுதி. மருந்து ஒரு பகுதி. அருகிலிருந்து அதனைப் பிழையின்றி ஆற்றுபவன் ஒரு பகுதி. நான்காமவனுக்கு 'உழைச்செல்வான்' என்பது பெயர். உழை என்றாற் பக்கம். நோயாளியின் முகக்குறிப்பையும் மருத்துவனுடைய சொல்லையும் ஒருங்கே கவனித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் எவரோ அவரே உழைச்செல்வார். இக்காலத்து வைத்தியசாலைகளில் அவருக்குத் தாதி என்று பெயர்.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், உழைச்செல்வானுக்கு நான்கு இயல்புகள் வேண்டும் என்றார். நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் ஆகிய மூன்றன் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு. இந்நான்கும் ஒரே வேளையிற் சோதிக்கப்படும் இடம் ஒன்றை இன்றைய வைத்தியசாலைகளிற் காட்ட வேண்டுமாயின், குருதிச் சுத்திகரிப்பு நிலையத்தைக் காட்டலாம். அந்நிலையத்திற் பணிபுரியும் தாதியரின் பொறுப்பு எத்தகையது, அவர்கள் சுமக்கும் பளு எவ்வளவு, அந்தப் பளு அளவு கடக்குமிடத்துத் துன்புறுபவர் யார் என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

நேயர்களே, மனிதனுடைய சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லீற்றர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கின்றன. அதிற் பெரும்பகுதி உடலுக்கே மீண்டுவிட, ஒன்றரை லீற்றர் அல்லது இரண்டு லீற்றர் மாத்திரமே சிறுநீராக வெளியேறுகின்றது. நஞ்சு வெளியே செல்ல, வேண்டிய உப்புக்கள் உள்ளே தங்க, நீரின் அளவு சமனாக நிற்க, இந்த வேலை இரவும் பகலும் ஓய்வின்றி நடைபெறுகின்றது. சிறுநீரகங்கள் முற்றாகச் செயலிழந்தவர்க்கு இந்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் வேண்டியிருக்கின்றது. ஆனால் இயந்திரமோ வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் மாத்திரமே உழைக்கின்றது. 168 மணிநேரத்து வேலையை 12 மணிநேரத்தில் முடிக்க முயல்கின்றது என்பதை நினைவிற் கொண்டால், அந்த 12 மணிநேரமும் எத்துணை விழிப்போடு கழிக்கப்படவேண்டியவை என்பது விளங்கும்.

இவ்வியந்திரத்தின் வரலாறு நெடியதன்று. ஜேர்மனியின் கீசன் நகரில் கியோர்க் ஹாஸ் என்னும் மருத்துவர் 1924ஆம் ஆண்டில் மனிதர் ஒருவருக்கு முதன்முதலாக இச்சிகிச்சையைச் செய்து பார்த்தார். அதன் பின்னர், இரண்டாவது உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், ஒல்லாந்து தேசத்தின் கம்பன் என்னும் சிறு நகரில், வில்லெம் கொல்ஃப் என்ற இளம் மருத்துவர் மரச்சட்டங்களாலான உருளையொன்றிற் செலோபன் குழாயைச் சுற்றி, அக்குழாயூடாக நோயாளியின் குருதியைச் செலுத்தி, உருளையை உப்புநீர்த் தொட்டியிற் சுழலவிட்டார். தொடக்கத்திற் சிகிச்சை பெற்றவர்களுட் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். 1945 செப்டெம்பரில் 67 வயதுடைய மூதாட்டி ஒருவர் மயக்கம் தெளிந்து கண் விழித்தார். சிறுநீரகம் செய்யும் வேலையை இயந்திரமும் செய்யவல்லது என்பதற்கு அவரே சான்றானார்.

ஆயினும் அது சில நாட்களில் மாறக்கூடிய சிறுநீரக வழுவுக்கே உதவிற்று. ஒவ்வொரு முறையும் குருதிக் குழாய் ஒன்றை வெட்டித் திறக்க வேண்டியிருந்தமையால், நாட்பட்ட நோயாளருக்கு மீண்டும் மீண்டும் சிகிச்சை செய்தல் இயலாததாயிற்று. அத்தடையை நீக்கியவர் ஐக்கிய அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஆவர். 1960 மார்ச் மாதத்திலே, கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் தொழிலாளியின் கையிலே டெஃப்லோனாலான வளைந்த குழாயைப் பொருத்தி, வேண்டியபோது இணைக்கவும் வேண்டாதபோது மூடவும் வழி செய்தார். அத்தொழிலாளி அதன் பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1966ஆம் ஆண்டில், கையிலுள்ள நாடியையும் நாளத்தையும் ஒன்றோடொன்று இணைத்து, தோலின் கீழேயே நிலையான வாயில் அமைக்கும் முறை வெளியிடப்பட்டது. இன்றும் உலகெங்கும் விரும்பப்படுவது அம்முறையே.

1962ஆம் ஆண்டிற் சியாற்றிலில் நாட்பட்ட நோயாளருக்கெனத் தனி நிலையம் திறக்கப்பட்டபோது இயந்திரங்கள் சில, காத்திருந்தவர் பலர். எவருக்கு இடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கப் பொதுமக்களைக் கொண்ட குழுவொன்று நியமிக்கப்பட்டது. உயிரை நிறுத்துப் பார்க்கும் அவ்வேலையைப் பற்றி அந்நாட்டிற் பெரும் விவாதம் எழுந்தது. 1972இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் அச்சிகிச்சையின் செலவை அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்டபின், நிலையங்கள் ஊர்தோறும் பெருகின. பெருகப் பெருக, தொடக்கத்தில் மருத்துவரே பக்கத்திலிருந்து நடத்திய சிகிச்சை மெல்ல மெல்லத் தாதியரின் கைக்கு மாறிற்று. 1969இல் அந்நாட்டின் சிறுநீரகப் பிரிவுத் தாதியரும் தொழில்நுட்ப உதவியாளரும் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டமை, இஃது ஒரு தனித்துறையாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகும்.

எண்ணற்றவர்களுள் எவருக்கு இயந்திரம் என்பது அக்காலத்து வினா. ஒரு தாதியின் பார்வையில் எத்தனை பேர் என்பது இக்காலத்து வினா. முன்னதைப் போலப் பின்னதும் உயிர் பற்றியதே. ஆனால் முன்னது செய்தித்தாள்களில் எழுதப்பட்டது. பின்னது பெரும்பாலும் எழுதப்படாமலே போகின்றது.

இனி, அந்நிலையத்தில் ஒரு காலைப்பொழுது எவ்வாறு தொடங்குகின்றது என்பதை நோக்குவோம்.

நோயாளர் வருமுன்னரே தாதியின் வேலை தொடங்கிவிடுகின்றது. முதலாவது நீர். நான்கு மணிநேரச் சிகிச்சையொன்றில், நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் வீதம், ஏறக்குறைய 120 லீற்றர் கரைசல் நோயாளியின் குருதிக்கு அருகே, மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்களின் மெல்லிய சுவருக்கு அப்பால், ஓடிச்செல்கின்றது. நாம் குடிக்கும் நீரைக் குடல் ஆராய்ந்து ஏற்கின்றது. இந்த நீருக்கு அத்தகைய காவல் இல்லை. குடிநீரைத் தூய்மையாக்கச் சேர்க்கப்படும் குளோரின் சேர்வைகள் இதிற் கலந்திருந்தாற் குருதிச் செங்கலங்கள் சிதையும். அலுமினியம் கலந்திருந்தால் மூளையும் எலும்பும் பாதிக்கப்படும். 1996ஆம் ஆண்டிற் பிறேசில் நாட்டின் கருவாரு என்னும் நகரத்து நிலையமொன்றில், நீர்நிலையில் வளர்ந்த பாசியினத்தின் நஞ்சு சிகிச்சை நீரிற் கலந்தமையால் ஐம்பதுக்கு மேற்பட்ட நோயாளர் உயிரிழந்தனர். ஆகவே கரித்தொட்டியைக் கடந்துவந்த நீரிற் குளோரின் உண்டோ என்பதை அன்றன்று சோதித்து ஒப்பமிடாமல் முதல் நோயாளியை இணைத்தல் கூடாது. பல இடங்களில் அந்த ஒப்பம் தாதியின் ஒப்பமாகவே இருக்கின்றது.

அடுத்தது இயந்திரம். குழாய்களைப் பூட்டி, உப்புநீரால் நிரப்பி, காற்றுக்குமிழிகளை வெளியேற்றி, கரைசலின் உப்புச்செறிவையும் வெப்பத்தையும் பார்த்து, எச்சரிக்கை மணிகள் ஒலிக்கின்றனவா என்று சோதித்தல் வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இதுவே முறை.

பின்னர் நோயாளி வருகின்றார். வவுனியாப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரை மனக்கண்முன் கொண்டுவருக. அறுபது வயதை அணுகியவர். விடியுமுன்னரே பஸ் ஏறி வந்தவர். தாதி அவரை நிறுத்துப் பார்க்கின்றார். முன்னைய சிகிச்சையின் முடிவில் இருந்த நிறையைவிட இரண்டரைக் கிலோகிராம் கூடியிருக்கின்றது. சிறுநீர் கழியாத உடலில் அவ்வளவும் நீரே. அதனை நான்கு மணிநேரத்தில் இறக்க வேண்டும். விரைந்து இறக்கினாற் குருதியமுக்கம் வீழும். இறக்காது விட்டால் நுரையீரலில் நீர் கட்டும். எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்பது மருத்துவரின் கட்டளையில் உண்டு. ஆனால் அக்கட்டளை இன்றைய உடல்நிலைக்குப் பொருந்துமா என்பதை முதலிற் காண்பவர் தாதியே. கால் வீங்கியிருக்கின்றதா, மூச்சு முட்டுகின்றதா, இரவிற் படுத்துறங்க முடிந்ததா, காய்ச்சல் உண்டா, வழியில் வீழ்ந்தாரா என்றெல்லாம் கேட்டறிகின்றார்.

"தண்ணீர் விடாய்க்கு என்ன குடித்தீர்கள், ஐயா?" என்று தாதி கேட்கின்றார்.

"நேற்று வெயில் கடுமை, பிள்ளை. மகன் இரண்டு இளநீர் வெட்டித் தந்தான். தண்ணீர் குடிக்கக் கூடாது என்றுதானே சொன்னீர்கள்? இளநீர்தானே குடித்தேன்."

நேயர்களே, எமது நாட்டிலே இளநீர் என்றால் நலம் தருவது, சூடு தணிப்பது, நோயாளிக்கு ஏற்றது என்பதே எல்லோருடைய எண்ணமும். ஆனால் இளநீரிற் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கு அதனை வெளியேற்ற வழியில்லை. குருதியிற் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்புத் தடுமாறும், நின்றும் விடலாம். அக்கமக்காரர் பொய் சொன்னவரல்லர், கட்டளையை மீறியவருமல்லர். சொன்னதைத் தமக்கு விளங்கியவாறு கடைப்பிடித்தார். தாதி கேட்டமையால் உண்மை வெளிவந்தது, மருத்துவருக்கு அறிவிக்கப்பட்டது, குருதி சோதிக்கப்பட்டது, இளநீரும் வாழைப்பழமும் ஏன் ஆகா என்பது அவருக்கும் மகனுக்கும் விளக்கப்பட்டது. இவ்வளவுக்கும் தொடக்கமாக அமைந்த உரையாடலுக்கு வேண்டியிருந்தது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. பின்னர் அதனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கின்றது.

அதன்பின் ஊசி. நாடியும் நாளமும் இணைக்கப்பட்ட இடத்திற் கையை வைத்தாற் பூனையின் முதுகிலே கைவைத்தாற்போன்றதொரு நுண்ணிய அதிர்வு தோன்றும். காதிற் குழலை வைத்துக் கேட்டால் இரைச்சல் கேட்கும். அதிர்வு குன்றியிருப்பின் குழாய் அடைபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். செம்மையோ சூடோ இருப்பின் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். அந்தக் கை நோயாளியின் உயிர்வாயில். அது கெட்டால் வேறு வாயில் அமைப்பது எளிதன்று. ஆகவே தூய்மை, இடம் மாற்றிக் குத்துதல், நிதானம் ஆகிய மூன்றும் வேண்டும்.

ஊசி இரண்டும் ஏறியபின், நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் குருதி உடலை விட்டு வெளியே சென்று மீள்கின்றது. வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள குருதி ஏறக்குறைய 5 லீற்றர். குருதி மீளும் வழியிலுள்ள ஊசி கழன்றுவிட்டால், ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லீற்றர் நிலத்திற் சிந்திவிடும். இயந்திரத்தின் எச்சரிக்கை மணி இத்தகைய கழற்சியை எப்போதும் கண்டுகொள்ளும் என்று நம்புதல் தவறு. அமுக்க வேறுபாடு சிறிதாயின் மணி ஒலியாமலே இருக்கக்கூடும். ஆகவேதான் ஊசி ஏற்றிய கையைப் போர்வையால் மூடக்கூடாது என்பது இந்நிலையங்களின் விதியாயிற்று. கையும் முகமும் தாதியின் கண்ணுக்குத் தெரியவேண்டும். குளிர் பொறாத நோயாளி போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுவதும், தாதி அதனை மீண்டும் விலக்கி வைப்பதும் ஒரு பகலிற் பலமுறை நிகழ்வன.

குருதியமுக்கம் வீழ்வதும் அவ்வாறே. அதற்குப் பறையறைவிப்பு இல்லை. நோயாளி கொட்டாவி விடுவார், நெற்றி வியர்க்கும், வெக்கையாக இருக்கின்றது என்பார், சிலர் திடீரென மௌனமாவர். இவற்றைக் கண்ட தாதி நீர் இறக்குவதை நிறுத்தி, காலை உயர்த்தி, வேண்டின் உப்புநீர் செலுத்தினால் நோயாளி சில நிமிடங்களில் தெளிவார். காணத் தவறினால் மயங்குவார். இதய நோயுள்ளவராயின் அதற்கு மேலும் நிகழலாம். அரைமணிக்கு ஒருமுறை அமுக்கத்தை அளந்து எழுதுதல் வழக்கமே. ஆனால் முகம் மாறுவது அரைமணிக் கணக்குப்படி அன்று.

இவையெல்லாம் ஒரு நோயாளியைப் பற்றியவை. இனி எண்ணிக்கையைப் பார்ப்போம்.

ஒரு தாதியின் பொறுப்பில் நான்கு பேர் இருந்தால், மணிக்கு ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். ஆறு பேராயிற் பத்து நிமிடம். எட்டுப் பேராயின் ஏழரை நிமிடம். அந்நிமிடங்களுக்குள் அளத்தல், எழுதுதல், மருந்து கொடுத்தல், மணி ஒலித்தால் ஓடுதல், கையைக் கழுவி உறை மாற்றுதல் ஆகிய யாவும் அடங்கவேண்டும்.

இன்னும் கடினமானது ஒரு தொகுதியினர் செல்ல மறு தொகுதியினர் வரும் வேளை. சிகிச்சை முடிந்தவருக்குக் குருதியை மீளச் செலுத்தி, ஊசிகளை எடுத்து, கசிவு நிற்கும்வரை அழுத்திப்பிடித்து, இருக்கச் செய்தும் நிற்கச் செய்தும் அமுக்கம் பார்த்து, நிறுத்து, எழுதி அனுப்ப இருபது நிமிடமாவது செல்லும் என்று கொள்வோம். புதியவரை நிறுத்துப் பார்த்து, கேட்டறிந்து, ஊசியேற்றி, இயந்திரத்தில் இணைக்க மேலும் இருபது நிமிடம். நால்வருக்கு இவ்விரண்டையும் ஒருவரே செய்வதாயின் 160 நிமிடம். அதாவது இரண்டு மணி நாற்பது நிமிடம். இயந்திரத்தையும் இருக்கையையும் கிருமி நீக்கிக் கழுவும் நேரம் இதிற் சேரவில்லை. அட்டவணையிலோ இரு தொகுதிக்குமிடையே ஒரு மணிநேரமே ஒதுக்கப்பட்டிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஒரு மணி நாற்பது நிமிடம் எங்கிருந்து வரும்?

அது வானத்திலிருந்து வருவதில்லை. அழுத்திப் பிடிக்கவேண்டிய பத்து நிமிடம் ஐந்தாகின்றது. கை கழுவும் நேரம் சுருங்குகின்றது. ஒரு நோயாளியிடமிருந்து மறு நோயாளியிடம் செல்லும்போது உறை மாற்றுவது மறக்கப்படுகின்றது. ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரசுக்கள் குருதி வழியாகப் பரவுவன. இந்நிலையங்களோ குருதி நடமாடும் இடங்கள் என்பதை நினைக்க, அம்மறதியின் விலை புலனாகும். நான்கு மணிநேரச் சிகிச்சை மூன்றரை மணியாகின்றது. எல்லாவற்றுக்கும் முதலாக மறைந்துபோவது அந்த இரண்டு நிமிட உரையாடல். ஊசி ஏற்றாமல் விட்டால் எவரும் காண்பர். அளவு எழுதாமல் விட்டால் ஏட்டில் வெற்றிடம் தெரியும். கேட்காமல் விட்ட கேள்விக்கோ வெற்றிடமும் இல்லை. "என்ன குடித்தீர்கள், ஐயா?" என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் வரையப்படவில்லை.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவிற் சார்லட் தோமஸ்-ஹோக்கின்ஸ் முதலிய தாதிய ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரு தாதிக்குரிய நோயாளர் தொகை கூடுமிடத்துச் செய்யாது விடப்படும் பணிகளும் கூடுகின்றன என்பதையும், அவற்றோடு குருதியமுக்க வீழ்ச்சி, சிகிச்சையைத் தவறவிடுதல், இடையில் முடித்துக்கொள்ளுதல் ஆகியனவும் தொடர்புற்று நிற்கின்றன என்பதையும் எடுத்துக்காட்டிற்று.

அந்நாட்டிலே இவ்வேலை ஒருவரால் மாத்திரம் செய்யப்படுவதன்று. பதிவுபெற்ற தாதியோடு, பயிற்சியும் தகைமைச் சான்றும் பெற்ற தொழில்நுட்ப உதவியாளரும் பணிபுரிகின்றனர். இயந்திரம் பூட்டுதல், ஊசியேற்றல், அமுக்கம் அளத்தல் ஆகியவற்றைப் பல இடங்களில் உதவியாளரே செய்கின்றனர். ஆயினும் நோயாளியின் நிலையை மதிப்பிடுதல், மருத்துவர் கட்டளையின் பொருத்தம் நோக்குதல், முடிவெடுத்தல், கற்பித்தல் ஆகியன பதிவுபெற்ற தாதிக்கே உரியன. 2008இல் வெளியான அமெரிக்க மத்திய அரசின் விதிகள், நோயாளர் சிகிச்சை பெறும் வேளையிற் பதிவுபெற்ற தாதி ஒருவர் நிலையத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றும், நோயாளரின் தேவைக்குப் போதிய பணியாளர் இருக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. 'போதிய' என்பது எத்தனை என்று அவ்விதிகள் எண்ணிட்டுக் கூறவில்லை. டெக்சாஸ் முதலிய சில மாநிலங்கள் தாமாகவே எண்ணை வகுத்தன. கலிபோர்னியாவில் 2017இல் அத்தகைய மசோதா கொண்டுவரப்பட்டபோதும் அது சட்டமாகவில்லை. நிலையங்களை நடத்தும் கம்பனிகள் செலவு கூடும் என்றன. பணியாளர் சங்கங்கள் ஆபத்துக் கூடும் என்றன. 'போதிய' என்ற சொல் மென்மையானது. அதனைச் செலவைப் பார்ப்பவர் ஒருவாறும், நோயாளியின் முகத்தைப் பார்ப்பவர் வேறொருவாறும் பொருள்கொள்வர்.

ஈழநாட்டின் நிலையோ வேறு. இங்கே அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகின்றது. இது எண்ணிப் பெருமைப்படத்தக்கது. ஆனால் இந்நாட்டுக்கு வேறொரு துன்பம் நேர்ந்திருக்கின்றது. 1990ஆம் ஆண்டுகள் தொடக்கம் வடமத்திய மாகாணத்திலே, பதவியா, மதவாச்சி, மெதிரிகிரிய போன்ற நெல் விளையும் ஊர்களிலே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரரையும் சிறுநீரக நோய் பற்றிற்று. வவுனியா முதலிய அயல் மாவட்டங்களிலும் அது காணப்பட்டது. நீர், பசளை, கிருமிநாசினி, வெயிலில் உழைத்து நீர்வறட்சி அடைதல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டபோதும், இதுவே காரணம் என்று ஒன்றை அறுதியிட்டுரைக்க இயலவில்லை. 2021 ஜூன் மாதத்திற் பொலன்னறுவையிற் சீன நாட்டின் உதவியோடு சிறுநீரக நோய்க்கெனத் தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. கட்டடமும் இயந்திரமும் வந்தன. ஆனால் இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றி வரவழைக்கலாம். அதனருகே நிற்கும் தாதியை அவ்வாறு வரவழைத்தல் முடியாது. மூன்று ஆண்டுப் பயிற்சியின் பின்னரும், இத்துறையின் நுட்பம் கைவர மேலும் மாதங்கள் பல வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், தேர்ச்சி பெற்ற தாதியர் பலர் வெளிநாடு சென்றமையும் எல்லோரும் அறிந்ததே. ஒரு பிரிவிலிருந்து தேர்ந்த தாதி ஒருவர் விலகும்போது, அவர் பார்த்த நோயாளர் விலகிவிடுவதில்லை. அவர்கள் எஞ்சியோரின் பங்கிற் சேர்கின்றனர்.

ஆகவே செய்யத்தக்கது யாது? தாதியரின் தொகையைக் கூட்டுவது முதலாவது என்பதில் ஐயமில்லை. அது காலம் எடுக்கும். அதுவரை கைகட்டி நிற்கவேண்டுவதில்லை.

ஒன்று, நோயாளர் அனைவரையும் ஒரே மணிக்கு இணைத்து ஒரே மணிக்குக் கழற்றாமல், இருபது நிமிட இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராகத் தொடங்கும்படி அட்டவணையை அமைக்கலாம். வேலை குறையாது, ஆனால் ஒரே வேளையில் வந்து குவியாது. அதற்கு நோயாளரும் தமக்குக் குறித்த நேரத்துக்கு வரல் வேண்டும்.

இரண்டு, தலைகளை மாத்திரம் எண்ணாமல் பளுவை எண்ணவேண்டும். பல்லாண்டு பழகிய, உடல்நிலை சீரான நால்வரும், முதல் வாரத்தில் வந்த, இதயம் தளர்ந்த நால்வரும் சமமல்லர். பள்ளிக்கூடத்திலே எழுத்தறியாப் பாலர் வகுப்புக்கும் மேல்வகுப்புக்கும் ஒரே தொகையை வைத்து ஆசிரியரை நியமித்தால் என்ன விளையுமோ அதுவே இங்கும் விளையும்.

மூன்று, தாதியன்றிப் பிறர் செய்யத்தக்கவற்றைப் பிறரிடம் கொடுத்தல் வேண்டும். பொருட்களை எண்ணி வரவழைத்தல், கரைசற் கொள்கலன்களைத் தூக்கிச் சுமத்தல், தொலைபேசிக்கு மறுமொழி கூறல், ஒரே செய்தியை மூன்று ஏடுகளில் எழுதல் ஆகியன தாதியின் கண்ணை நோயாளியின் முகத்திலிருந்து பிரிப்பன. ஆனால் மதிப்பிடுதலையும் கற்பித்தலையும் பிறரிடம் கொடுத்தல் ஆகாது.

நான்கு, புதிய இயந்திரம் ஒன்று நன்கொடையாகக் கிடைக்கும்போது, அதனை இயக்குபவர் யார் என்ற வினாவை அதே மேடையிற் கேட்டல் வேண்டும். மேலதிகத் தொகுதி தொடங்கத் தீர்மானிக்கும் கூட்டத்திற் பிரிவின் பொறுப்புத் தாதிக்கும் ஓர் இருக்கையும் ஒரு சொல்லும் இருத்தல் வேண்டும். அவர் 'இயலாது' என்று கூறுமிடத்து அது சோம்பல் அன்று. நோயாளியின் சார்பில் விடுக்கப்படும் எச்சரிக்கையாகும்.

எனினும் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நீதியன்று. எண்ணிக்கைக்கு எல்லை வகுத்தால், அந்த எல்லைக்கு வெளியே காத்து நிற்பவரின் கதி யாது? சிகிச்சை கிடையாத நோயாளி நாட்கணக்கில் இறப்பார். நெரிசலுள்ள நிலையத்திற் சிகிச்சை பெறுபவரோ பெரும்பாலும் பிழைத்திருப்பார். ஆகவேதான் ஒரு தாதி, இருப்பவருக்கே நேரம் போதாதென்று அறிந்தும், வாசலில் மூச்சுத் திணறி நிற்பவரைக் கண்டால் இன்னும் ஒருவரை ஏற்றுக்கொள்கின்றார். அவருடைய இரக்கமே அவருடைய பளுவைக் கூட்டுகின்றது. அவ்விரக்கத்தை நம்பித் திட்டம் வகுப்பது நிர்வாகத்துக்கு எளிது, ஆயினும் அறமாகாது. சியாற்றில் நகரத்துக் குழுவினர் எவர் வாழ்வது என்று வெளிப்படையாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்றோ, போதிய தாதியரை நியமியாது விடுமிடத்து, எவரிடம் அந்த இரண்டு நிமிடம் பேசுவது, எவரிடம் பேசாது கடப்பது என்ற தீர்மானத்தைத் தனித்து நிற்கும் ஒரு தாதி ஒவ்வொரு காலையும் எடுக்க வேண்டியிருக்கின்றது. ஒரு சமுதாயம் சுமக்கவேண்டிய தீர்மானத்தை ஒருவரின் தோளில் வைத்தல் முறையன்று.

நோயாளரின் சுற்றத்தாருக்கும் இதிற் பங்குண்டு. குறித்த நேரத்துக்கு அழைத்துச் செல்லுதல், உண்டதையும் குடித்ததையும் கேளாமலே கூறுதல், சிகிச்சை நாளைத் தவறவிடாதிருத்தல், ஊசியேற்றிய கையை மூடாதிருக்கச் செய்தல் ஆகிய இவை சிறியன. ஆனால் தாதியின் நிமிடங்களை மிச்சப்படுத்துவன. மணி ஒலித்தவுடன் தாதி வரவில்லையே என்று கடிந்துரைக்குமுன், அவ்வேளை அவர் எவருடைய கையை அழுத்திப்பிடித்துக்கொண்டு நிற்கின்றார் என்று நோக்குதல் நன்று.

பரிமேலழகர் கூறிய நான்கு இயல்புகளை மீண்டும் எண்ணுமிடத்து ஒன்று புலனாகின்றது. அன்புக்குப் பேசுவதற்கு நேரம் வேண்டும். தூய்மைக்குக் கை கழுவ நேரம் வேண்டும். சொல்லியவாறு செய்தற்கு அவசரமின்மை வேண்டும். அறிவுக்குக் கண்டதைச் சிந்திக்க ஒரு கணமாவது வேண்டும். இந்நான்கையும் தாதி தம்முடன் கொண்டுவருகின்றார். நேரத்தை மாத்திரம் அவர் கொண்டுவர இயலாது. அதனை அவருக்குக் கொடுக்கவேண்டியவர்கள் வைத்தியசாலையை நடத்துவோரும், அவர்களை நியமித்த அரசாங்கமும், அந்த அரசாங்கத்தைத் தெரிவுசெய்த மக்களுமாவர்.

பிற்பகலில் அந்தக் கமக்காரரின் சிகிச்சை முடிகின்றது. நிறை இரண்டரைக் கிலோகிராம் இறங்கியிருக்கின்றது. தாதி அவரை எழுந்து நிற்கச் செய்து அமுக்கம் பார்க்கின்றார்; தலை சுற்றவில்லை. மகன் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல, அவர் வாசலில் நின்று திரும்பி, "இனி இளநீர் இல்லை, பிள்ளை" என்கின்றார். தாதி புன்முறுவலோடு தலையசைத்து, அடுத்த இயந்திரத்தின் பக்கம் திரும்புகின்றார். அங்கே மணி ஒலிக்கின்றது.